நத்தை சொல்லும் கணக்கு

மீன் தொட்டியில் பெருகும் நத்தைகளை ஒரே நாளில் ஒழித்துக்கட்டப் பார்ப்பவர்கள் கடைசியில் இழப்பது பெரும்பாலும் மீன்களைத்தான்

கொல்கத்தாவின் பாக்பஜார் பகுதியில், கேலிஃப் ஸ்ட்ரீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூடும் சந்தை வளர்ப்புப் பிராணிப் பிரியர்களுக்கு ஒரு வாராந்தரத் திருவிழா. புறா, நாய்க்குட்டி, பூச்செடி வரிசைகளைத் தாண்டிப் போனால் வண்ண மீன்கள். காற்றடைத்துக் கட்டிய பாலித்தீன் பைகளில் தங்க மீன்களும் கப்பிகளும் ஏஞ்சல்களும். பக்கத்திலேயே தண்ணீர் சொட்டச் சொட்டச் செடிக் கட்டுகள்: வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா, கபோம்பா. வால் கிழிந்திருக்கிறதா, உடம்பில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று மீனை நான்கு முறை திருப்பிப் பார்த்து வாங்குகிறவர்கள் செடிக் கட்டைப் பார்ப்பதே இல்லை. இலையின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஒரு அங்குலம்கூட இல்லாத வழவழப்பான ஜவ்வு யார் கண்ணிலும் படுவதில்லை. அதற்குள் இருபது முப்பது நத்தை முட்டைகள் இருக்கலாம். அவற்றுக்குக் கடைக்காரர் காசு வாங்குவதில்லை.

மும்பை க்ராஃபோர்டு மார்க்கெட்டிலிருந்து சென்னை கொளத்தூர் வரை கதை ஒன்றுதான். வீட்டுக்கு வந்து ஒரு வாரம், பத்து நாளில் முட்டைகள் பொரிகின்றன. குஞ்சுகள் கடுகு அளவுகூட இருப்பதில்லை. ஐந்தாறு வாரங்களில் அவையும் முட்டையிடத் தயார். ஒரு நாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தவர் ஹால் விளக்கைப் போட்டுப் பார்த்தால், தொட்டிக் கண்ணாடி முழுக்க நத்தைகள் ஊர்ந்துகொண்டிருக்கும். செடி இலைகளில், ஃபில்டர் குழாயில், வெப்பமானியின் மேல்கூட. விருந்தினர் பார்க்க வேண்டும் என்று ஆசையாக ஹாலில் வைத்த தொட்டி. அடுத்த நாள் காலையிலேயே கடைக்கு ஓட்டம் ஆரம்பமாகிறது.

கடையில் மூன்று வழிகள் சொல்வார்கள். ஒரு குப்பி மருந்து. அல்லது நத்தை தின்னும் மீன். இல்லாவிட்டால் தொட்டியைக் காலி செய்து புதிதாக ஆரம்பிப்பது. மூன்றுமே கடைக்காரருக்கு லாபம். மூன்றிலுமே, நத்தை ஏன் பெருகியது என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

பதில் எளிமையானது. அதனால்தானோ என்னவோ பலருக்கும் அது பிடிப்பதில்லை. நத்தைகள் காற்றைத் தின்று பெருகுவதில்லை. மீன் தின்னாமல் விட்ட தீனி, அழுகும் இலை, கண்ணாடியில் படியும் பாசி, இவைதான் அவற்றின் சாப்பாடு. சாப்பாடு கொஞ்சமாக இருக்கும் தொட்டியில் பத்துப் பதினைந்து நத்தைகள் இருக்கும். வருடக் கணக்கில் அதே அளவில் இருக்கும். ஐநூறு நத்தைகள் இருக்கின்றன என்றால் ஐநூறு நத்தைகளுக்கான சாப்பாட்டை யாரோ தினமும் தொட்டியில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்த யாரோ, வீட்டில் உள்ள எல்லோரும்தான். காலையில் நடைப்பயிற்சி முடித்து வரும் தாத்தா ஒரு சிட்டிகை போடுகிறார். பள்ளிக்குக் கிளம்பும் பையன் இன்னொரு சிட்டிகை. மாலையில் வந்த விருந்தாளியின் குழந்தை ஆசைப்பட்டு, டப்பாவைக் கவிழ்த்தாற்போல் ஒரு பிடி. ஆள் நிழல் தெரிந்ததும் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து, 'பாவம், பசி' என்று வீட்டம்மா கடைசியாகப் போடும் ஒரு சிட்டிகை. மீனுக்கு அது பசியே இல்லை, பழக்கம். பெரும்பாலான தொட்டி மீன்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டால் வளர்ந்த மீன்களுக்கு ஒன்றும் ஆகாது. மிச்சமெல்லாம் சரளைக் கற்களுக்கு இடையில் இறங்கி, நத்தைகளுக்கான அன்னதானமாகிறது. சரளையை விரலால் லேசாகக் கிளறிப் பார்த்தாலே பழுப்பு நிறத்தில் புகை மாதிரி எழும்பும். நத்தை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

தொட்டியில் வந்து உட்காரும் நத்தைகள் எல்லாம் ஒரே ஜாதி அல்ல. யார் வந்திருக்கிறார் என்று தெரிந்துகொள்வது பாதி வேலை.

அதிகம் காணப்படுவது ஃபைசா அக்யூட்டா. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. மெல்லிய, ஒளி ஊடுருவும் ஓடு. கூர்முனை மேலே இருக்கும்படி பிடித்து, வாய்ப்பக்கத்தை நம்மை நோக்கித் திருப்பினால், திறப்பு இடது பக்கம் இருக்கும். பெரும்பாலான நத்தைகளுக்கு வலது பக்கம் என்பதால் இதை அடையாளம் காண்பது சுலபம். பிரான்சில் போர்டோ நகரத்துக் கரோன் ஆற்றில் கிடைத்த ஓடுகளை வைத்து 1805இல் இதற்குப் பெயர் வைத்தார்கள். ஆனால் பூர்வீகம் வட அமெரிக்கா என்று பிற்பாடு தெரிந்தது. பெயர் வைத்தபோதே அது வந்தேறியாகத்தான் இருந்திருக்கிறது. இன்று உலகில் மிக அதிகமாகப் பரவியிருக்கும் நன்னீர் நத்தைகளில் இதுவும் ஒன்று. ஒவ்வொரு நத்தையிலும் ஆண், பெண் இரண்டு உறுப்புகளும் உண்டு. ஜோடி கிடைக்காவிட்டால் தனியாகவே கருவுற்று முட்டையிடும். 'ஒரே ஒரு நத்தைதானே' என்று விட்டுவைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

இரண்டாவது, ஆட்டுக்கடாவின் கொம்பு போலத் தட்டையாகச் சுருண்ட ஓடு கொண்டது. கடைகளில் ராம்ஸ்ஹார்ன். இந்த வகையில் வெளிநாட்டுச் சரக்கும் உண்டு, உள்ளூர்க்காரரும் உண்டு. உள்ளூர்க்காரரின் பெயர் இண்டோபிளானார்பிஸ் எக்ஸஸ்டஸ். இந்தியாவின் குளம், குட்டை, வயல் எங்கும் இருப்பது. 1834இல் விஞ்ஞானத்துக்கு இது அறிமுகமானது மலபார் கரைக் குட்டைகளிலிருந்து. நம் ரத்தத்தில் இருப்பதைப் போல இந்தக் குடும்பத்து நத்தைகளின் ரத்தத்திலும் ஹீமோகுளோபின் உண்டு. உடலில் கறுப்பு நிறமி இல்லாத வகைகள் சிவப்பாகத் தெரிவது அதனால்தான். அந்தச் சிவப்பு நத்தைகளைச் சில கடைகள் அழகு நத்தை என்று விலைக்கே விற்கின்றன.

மூன்றாவது, பகலில் கண்ணிலேயே படாது. திருகாணி போல நீளமாகக் கூம்பிய ஓடுடன் சரளைக்குள் புதைந்து கிடந்து, விளக்கணைத்த பிறகு வெளியே வரும் மெலனாய்டஸ் டியூபர்குலாட்டா. உலகெங்கும் மீன் வளர்ப்பவர்கள் இதை 'மலேசிய ட்ரம்பெட் நத்தை' என்று அழைக்கிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், 1774இல் இதற்குப் பெயர் சூட்டிய டென்மார்க் விஞ்ஞானி முல்லர் இது வரும் இடமாகக் குறித்தது மலேசியாவை அல்ல, சோழமண்டலக் கடற்கரையை. அப்போது தரங்கம்பாடி டென்மார்க்காரர்கள் வசம் இருந்தது. இது முட்டையிடுவதில்லை, குட்டி போடுகிறது. அதற்கு ஆண் தேவைப்படுவதும் இல்லை. செடியில் ஜவ்வு இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிறவர்களையும் இது ஏமாற்றிவிடும். ஓட்டின் வாயை மூடிக்கொள்ள ஒரு கதவும் உண்டு என்பதால் மருந்துக்கும் உப்புக்கும் சீக்கிரத்தில் மசியாது. ஆனால் செடியை இது தின்பதில்லை. சரளையை ராத்திரி முழுக்கக் கிளறிக் கிளறி அடியில் காற்றோட்டம் உண்டாக்குகிறது. இது கூட்டமாகப் பட்டப்பகலில் கண்ணாடியின் மேல் விளிம்புக்கு ஏறி வந்தால், தண்ணீரில் ஏதோ கெட்டுவிட்டது, பிராணவாயு குறைகிறது என்று பொருள். அந்த எச்சரிக்கை மீன் வாய் பிளப்பதற்கு முன்பே கிடைத்துவிடும்.

நத்தையைத் தொட்டியின் எதிரி என்று நினைப்பவர்களுக்குத் தெரியாத இன்னொரு விஷயம், வீட்டு மீன் தொட்டி என்ற சமாசாரமே நத்தையால்தான் சாத்தியமாயிற்று. லண்டனைச் சேர்ந்த ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் 1849இல் ஒரு கண்ணாடித் தொட்டியில் இரண்டு தங்க மீன்களையும் வாலிஸ்னேரியா செடியையும் போட்டு, தண்ணீரை மாற்றாமல் எவ்வளவு நாள் ஓட்டலாம் என்று பார்த்தார். செடி பிராணவாயு தரும், மீன் கரியமில வாயு தரும், கணக்கு சரியாகிவிடும் என்பது அவர் எண்ணம். ஆகவில்லை. பழுத்த இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகிய இலைகளைத் தின்று தீர்த்தன, தண்ணீர் தெளிந்தது. போதாததற்கு நத்தை முட்டைகள் மீனுக்கு உணவாயின. 1850இல் இதை அவர் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். 'அக்வேரியம்' என்ற சொல் அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் பிரபலமாயிற்று.

எனவே கேள்வி, நத்தை இருக்கலாமா கூடாதா என்பதல்ல, எத்தனை என்பது. ஆனால் இரவோடிரவாக ஐநூறு நத்தைகளைப் பார்த்து அரண்டுபோனவரிடம் இந்த வாதம் எடுபடாது. அவர் கையில் ஏற்கனவே குப்பி இருக்கிறது.

நத்தை மருந்துகளில் பலவற்றின் அடிப்படைச் சரக்கு தாமிரம். மயில்துத்தம் என்ற பெயரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தோட்டக்காரர்கள் சுண்ணாம்புடன் சேர்த்துப் போர்டோ கலவையாகத் தெளிப்பது. மெல்லுடலிகளுக்குத் தாமிரம் கொடிய விஷம். அதனால் மருந்து வேலை செய்யுமா என்பதில் சந்தேகமில்லை. வேலை செய்த பிறகு என்ன ஆகும் என்பதில்தான் சிக்கல்.

நூற்றுக்கணக்கான நத்தைகள் ஒரே இரவில் செத்தால் அவை எங்கேயும் போய்விடுவதில்லை. சரளைக்குள்ளும் செடி வேர்களிலும் ஃபில்டருக்குள்ளும் ஓட்டோடு கிடந்து அழுகுகின்றன. அழுகலில் அம்மோனியா உண்டாகிறது. அழுக வைக்கும் பாக்டீரியாக்கள் தண்ணீரின் பிராணவாயுவை உறிஞ்சுகின்றன. கடின நீரிலும் வெயில் காலத்திலும் நிலைமை இன்னும் மோசம். தண்ணீரின் காரத்தன்மையும் வெப்பமும் கூடக்கூட அம்மோனியாவில் மீனைக் கொல்லும் பகுதி அதிகமாகும். மே மாதத்தில் போர்வெல் தண்ணீர் நிரப்பிய ஒரு தொட்டியில் நத்தை மருந்து ஊற்றுவது, கிட்டத்தட்ட மீன்களுக்கும் சேர்த்து ஊற்றுவது. இரண்டாம் நாள் மீன்கள் தண்ணீர் மட்டத்துக்கு வந்து மூச்சு வாங்கும்; மூன்றாம் நாள் மிதக்கும். பழி மருந்தின் மேல் விழும். உண்மையில் பல சமயம் கொன்றது செத்த நத்தைகள்.

தாமிரமும் சும்மா இருப்பதில்லை. கடின நீரில் அதன் பெரும்பகுதி கரையாத உப்பாகி அடியில் படிந்துவிடும். 'மருந்து வேலை செய்யவில்லை' என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். பிறகு தண்ணீர் மாற்றும்போது மென்மையான தண்ணீர் வந்தால் படிந்தது மறுபடி கரையத் தொடங்கும். அப்படிப்பட்ட தொட்டியில் பின்னால் இறால் வளர்க்க ஆசைப்படுபவர்கள், வாங்கிவிட்ட இறால்கள் ஒவ்வொன்றாகச் சாவதைப் பார்த்துக் காரணம் தெரியாமல் முழிப்பார்கள். மேற்கு மலையடிவாரங்களின் கிணற்று நீர் போன்ற மென்மையான தண்ணீரிலோ, அதே அளவு மருந்து எடுத்த எடுப்பிலேயே மீனைத் தாக்கும். செதிள் இல்லாத கெளுத்தி வகைகள் முதலில் விழும்.

கல்லுப்பு போட்டால் நத்தை செத்துவிடும் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் இன்னொரு யோசனை. தோட்டத்து நத்தைக்குச் சரி. உப்பங்கழியிலும் பிழைக்கும் ட்ரம்பெட் நத்தையை அசைக்கும் அளவுக்கு உப்புப் போட்டால், செடிகள் அதற்கு முன்பே வெந்துபோயிருக்கும்.

கடைக்காரரின் இரண்டாவது யோசனை, நத்தை தின்னும் மீன். கேட்க இயற்கையாக இருக்கிறது. இந்த யோசனையில் இந்திய ஆறுகளுக்கு நேரடிச் சம்பந்தம் இருக்கிறது.

நத்தை தின்பதில் உலகப் புகழ் பெற்ற சிறு மீன்களில் முக்கியமானவை நம் நாட்டவை. கங்கைச் சமவெளி ஆறுகளின் போட்டியா இனங்கள். துங்கா ஆற்றிலிருந்து 1920இல் விவரிக்கப்பட்ட, மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய வரிக்குதிரை லோச் எனப்படும் போட்டியா ஸ்ட்ரையேட்டா. இவை நம் அயிரை மீனுக்குத் தூரத்து உறவு. நீண்ட மூக்கை நத்தை ஓட்டுக்குள் நுழைத்துச் சதையை உறிஞ்சி எடுத்துவிடும். இன்னொன்று, பம்பை உள்ளிட்ட கேரள நீர்நிலைகளில் வாழும் திருவிதாங்கூர்க் குள்ளப் பேத்தை. 1941இல் ஹோராவும் நாயரும் விவரித்த இந்த மீன் மொத்தமே ஒரு அங்குலம் சொச்சம்தான். வெளிநாட்டுக் கடைகளில் 'பட்டாணிப் பேத்தை' என்று செல்லப் பெயர். கண்களை இரண்டு பக்கமும் தனித்தனியாக உருட்டிக்கொண்டு, நின்ற இடத்தில் ஹெலிகாப்டர் போல் மிதந்து நத்தையை நோட்டம் விட்டு, கிளி மூக்குப் பற்களால் கவ்வி இழுக்கும். அதைப் பார்த்து மயங்காதவர் குறைவு.

மயங்கியதன் விலையை ஆறுகள் கொடுத்தன. 2005க்கும் 2012க்கும் இடையில் அழிவின் அபாயத்தில் இருக்கும் 30 நன்னீர் இனங்களைச் சேர்ந்த 15 லட்சத்துக்கும் அதிகமான மீன்கள் அலங்கார மீன் வியாபாரத்துக்காக இந்தியாவிலிருந்து ஏற்றுமதியானதாக, 2013இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் பெரும்பங்கு வகித்தவை மூன்றே மூன்று வகைகள். ஒன்று 'மிஸ் கேரளா' என்று பெயர் வாங்கிய செங்கோட்டுக் கெண்டை. மற்ற இரண்டும் வரிக்குதிரை லோச்சும் குள்ளப் பேத்தையும். உலகம் இந்த இரண்டையும் விரும்பி வாங்கியதற்குக் காரணங்களில் ஒன்று, சந்தேகமில்லாமல், அவை தின்னும் நத்தைகள்.

அப்படி வாங்கிய மீனுக்கு வீட்டில் என்ன கதி? நத்தை இருக்கும் வரை ராஜபோகம். குள்ளப் பேத்தைக்குச் செதில் தீனி, குருணைத் தீனி எதுவும் இறங்காது. உயிருள்ளதோ உறைய வைத்ததோ, புழு வேண்டும், நத்தை வேண்டும். நத்தைகள் தீர்ந்ததும் பக்கத்து மீன்களின் வாலையும் துடுப்பையும் கொத்தத் தொடங்கும். கப்பியும் ஏஞ்சலும் உள்ள பொதுத் தொட்டியில் விட்டால் ஒரு வாரத்தில் எல்லாம் மொட்டை வால். பிரித்துத் தனியே வைத்தால் பட்டினியில் மெலிந்து சாகும். விஷயம் தெரிந்து இதை வளர்ப்பவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? இன்னொரு ஜாடியில், கீரை போட்டு, நத்தை வளர்க்கிறார்கள்.

லோச் கூட்டமாக வாழும் மீன். நான்கைந்து வாங்க வேண்டும், அவை வளர இடம் வேண்டும். இரண்டடித் தொட்டிக்கு இது சரிப்படாது. போர்னியோ, சுமத்ராவிலிருந்து வரும் கோமாளி லோச்சை நத்தைக்காக வாங்குபவர்கள், அது நாளடைவில் ஓர் அடி வரை வளரக்கூடியது என்பதைக் கடையில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

சமீப ஆண்டுகளில் 'கொலைகார நத்தை' என்ற பெயரில் தென்கிழக்காசிய நத்தை ஒன்றும் இந்தியக் கடைகளுக்கு வந்திருக்கிறது. மஞ்சளும் கறுப்புமாகத் தேனீ போல் பட்டை போட்ட ஓடு. மற்ற நத்தைகளைத் துரத்திப் பிடித்துத் தின்னும், தானும் மெதுவாகத்தான் பெருகும். தொட்டிக்குள் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் சிங்கப்பூரில் அது தொட்டிகளிலிருந்து வெளியேறி நீர்நிலைகளில் குடியேறிவிட்டது. இங்கே என்ன ஆகும் என்பது, அதை வாங்கியவர்கள் சலித்துப்போனதும் எங்கே கொட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

ஆக, மிச்சம் இருப்பது அலுப்புத் தட்டும் வழிதான். தீனியைக் குறைப்பது. வீட்டில் ஒருவரைத் தவிர யாரும் தீனி டப்பாவைத் தொடக்கூடாது என்று சட்டம் போடுவது. மெல்லிய குழாய் மூலம் வாரம் ஒரு முறை சரளையின் அடியில் இருக்கும் கசடை உறிஞ்சி எடுத்து, தொட்டித் தண்ணீரில் நான்கில் ஒரு பங்கை மாற்றுவது. பழுத்த இலைகளைக் கிள்ளி எறிவது. இதைச் செய்தாலே புதிதாகப் பிறக்கும் நத்தைகளின் எண்ணிக்கை விழத் தொடங்கும். இருக்கும் நத்தைகளைப் பிடிக்க வெள்ளரிக்காய் போதும். விளக்கணைக்கும்போது ஒரு வில்லை வெள்ளரியை முள்கரண்டியில் குத்தி அடியில் இறக்கிவிட்டு, விடியற்காலையில் விளக்கு போடுவதற்கு முன்பு எடுத்தால் மேலும் கீழுமாக மொய்த்திருக்கும். லேசாக வேக வைத்த முட்டைக்கோஸ் இலையும் சரி. தினமும் செய்தால், முதல் வாரத்தில் நூறு வரும் இடத்தில் ஒரு மாதம் கழித்துப் பத்து வரும். இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். ஒரு நத்தைகூட இல்லாத நிலை வரவே வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை. கண்ணாடியில் ஒட்டியிருப்பதை விரலால் நசுக்கிவிட்டால் மீன்கள் போட்டி போட்டுத் தின்னும். ஆனால் ஒரே நேரத்தில் நாலைந்துக்கு மேல் வேண்டாம். அம்மோனியா கணக்கு இங்கேயும் உண்டு.

வாசலிலேயே தடுப்பதற்கும் வழி இருக்கிறது. அதற்கான சரக்கு சலூன் கடையில் கிடைக்கும்: படிகாரம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகப் பொடித்துக் கரைத்து, புதுச் செடியை அதில் ஊற வைத்தால் சில மணி நேரத்தில் நத்தைகள் சாகும். முட்டைகள் அழிய இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அவசரக்காரர்கள் ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்குப் பத்தொன்பது பங்கு தண்ணீர் கலந்து, இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாமல் முக்கி எடுத்து, நன்றாகக் கழுவி, ஹைப்போ கரைத்த நீரில் அலசுகிறார்கள். ஆனால் வாலிஸ்னேரியா போன்ற மென்மையான செடிகள் இந்த வைத்தியத்தில் நத்தையோடு சேர்ந்து போய்விடும். எல்லாவற்றையும்விடச் சுலபமானது, செடியை இரண்டு மூன்று வாரம் தனி வாளியில் போட்டு வைத்து, பொரிந்து வருவதைப் பொறுக்கி எடுப்பது. பொறுமை ஒன்றுதான் செலவு.

தொட்டியைக் காலி செய்து புதிதாக ஆரம்பிப்பது என்று முடிவெடுப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு நாள் வெயிலில் காய வைத்தால் போதாது. கோடையில் குளம் வற்றினால் சேற்றுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த மழை வரை காத்திருக்கும் பரம்பரை உள்ளூர் நத்தைகளுடையது. சரளையை வாளியில் கொட்டிக் கொதிநீர் ஊற்றினால்தான் கதை முடியும். கண்ணாடித் தொட்டிக்குள் வைத்தே ஊற்றினால் தொட்டியும் விரிசல் விட்டு முடியும்.

கடைசியாக, பிடித்த நத்தைகளை என்ன செய்வது? பெரும்பாலானவர்கள் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இரக்க சுபாவம் உள்ளவர்கள் பக்கத்துக் குளத்தில் விடுகிறார்கள். இரண்டாவதுதான் அதிக ஆபத்து.

உள்ளூர் ராம்ஸ்ஹார்ன் நத்தை கால்நடை மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த புள்ளி. மாடுகளின் மூக்கை அடைத்துக் குறட்டை விட வைக்கும் ஒட்டுண்ணிப் புழு இந்த நத்தைக்குள் வளர்ந்துதான் தண்ணீருக்கு வருகிறது. குளத்தில் இறங்குகிறவர்களுக்குத் தோலில் ஏற்படும் அரிப்புக்கும் இதுபோன்ற புழுக்கள் காரணமாகின்றன. வீட்டுத் தொட்டி நத்தைகளால் வீட்டாருக்கு ஆபத்து மிகக் குறைவு. மாட்டின் சாணமோ சளியோ தண்ணீரில் கலக்காமல் புழுவின் சுழற்சி நடக்காது. ஆனால் மாடு தண்ணீர் குடிக்கும் குட்டையில் நத்தைகளைப் பெருக்குவது வேறு விஷயம். மஞ்சள் நிறத்தில் பெரிதாக விற்கப்படும் 'மிஸ்டரி' ஆப்பிள் நத்தை தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. மேற்கு வங்காளத்தில் அது வந்து சேர்ந்திருப்பதைக் கொல்கத்தா விலங்கியலாளர்கள் 1999லேயே பதிவு செய்தார்கள். அதன் நெருங்கிய உறவினரைச் சாப்பாட்டுக்கு ஆகும் என்று 1980 வாக்கில் தைவானுக்குக் கொண்டுபோனார்கள். சாப்பிட ஆள் கிடைக்கவில்லை. வயல்களில் விட்டார்கள். தென்கிழக்காசிய நெல் விவசாயிகள் இன்றும் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கொல்கத்தாவுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1847இல் பென்சன் என்ற ஆங்கிலேயர் மாரீஷசிலிருந்து உயிருடன் கொண்டுவந்த இரண்டே இரண்டு ஆப்பிரிக்க ராட்சத நத்தைகள் சௌரங்கியில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. அது நில நத்தை. மீன் தொட்டிக்குச் சம்பந்தமில்லாதது. ஆனால் இன்று கேரளத்தின் வாழைத் தோட்டம் வரை மழைக்காலத்தில் சுவரேறும் நத்தைகளின் இந்திய வரலாறு அந்த இரண்டிலிருந்து ஆரம்பிக்கிறது.

மீன் தொட்டி நத்தைகளை ஒரு பாலித்தீன் பையில் கட்டி ஃப்ரிட்ஜின் உறைபெட்டியில் ஒரு முழு இரவு வைத்தால் போதும். மறுநாள் பூந்தொட்டி மண்ணில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்துவிடலாம். ஓட்டில் இருப்பது சுண்ணாம்புச் சத்து. ரோஜாச் செடிக்கு ஆட்சேபணை இருக்காது. தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரையும் அதற்கே ஊற்றலாம், சாக்கடையில் கொட்ட வேண்டியதில்லை.